இரும்பின் சுழற்சி மாற்றமும் படிகத்தின் கட்டமைப்பு மாற்றமும்: ஒன்றா, இரண்டா?

"சூடுபட்டால் காந்தமாகும் படிகம்", "ஒளி பட்டதும் உருவம் மாறும் இரும்புச் சேர்மம்" என்ற பாணியில் அடிக்கடி அறிவியல் செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இரும்பு அயனிக்குள் எலக்ட்ரான்கள் இடம் மாறி உட்காருவது. இன்னொன்று, படிகம் முழுவதும் தன் அடுக்குமுறையையே மாற்றிக்கொள்வது. முதலாவது சுழற்சி மாற்றம், இரண்டாவது கட்டமைப்பு நிலைமாற்றம். இரண்டும் சேர்ந்து வரலாம், ஒன்றில்லாமல் இன்னொன்றும் வரலாம். எது எதை இழுத்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஆறு எலக்ட்ரான், ஐந்து அறை

எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்றொரு பண்பு உண்டு. பம்பரம் போலச் சுற்றுகிறது என்று நேரடியாகப் பொருள் கொள்ள வேண்டாம். ஒவ்வொரு எலக்ட்ரானும் மிகச் சிறிய காந்த ஊசி போல நடந்துகொள்கிறது, அந்த ஊசிக்கு மேல், கீழ் என்று இரண்டு திசைகள் உண்டு. இவ்வளவு தெரிந்தால் போதும். எதிரெதிர்த் திசையில் இரண்டு எலக்ட்ரான்கள் இணைந்தால் அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். இணையாமல் தனித்து நிற்பவை மட்டுமே வெளியில் காந்தப் பண்பைக் காட்டும்.

இரும்பு(2+) அயனியின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள் உள்ளன. அவை தங்க ஐந்து அறைகள் உண்டு. அயனி தனியாக இருக்கும்போது ஐந்து அறைகளும் ஒரே ஆற்றல் உயரத்தில் இருக்கும். ஆனால் மூலக்கூறுப் படிகத்தில் இரும்பு தனியாக இருப்பதில்லை. அதை ஆறு பக்கமும் ஈனிகள் பிடித்திருக்கும். உலோக அயனிக்கு எலக்ட்ரான் இணையைத் தந்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். நாம் பேசப்போகும் சேர்மங்களில் அது பெரும்பாலும் நைட்ரஜன் அணு வழியாக ஒட்டும். மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம் என்று ஆறு நைட்ரஜன்கள் சூழ்ந்தவுடன் ஐந்து அறைகளும் இரண்டு தளங்களாகப் பிரிகின்றன. நைட்ரஜனை நேராகப் பார்த்து நிற்கும் இரண்டு அறைகள் மாடிக்குப் போகின்றன. இடுக்கில் ஒதுங்கி நிற்கும் மூன்று அறைகள் கீழ்த்தளத்தில் தங்குகின்றன. இரண்டு தளத்துக்கும் இடையிலான உயரமே படிகப்புலப் பிளப்பு ஆற்றல்.

இப்போது ஆறு எலக்ட்ரான்களையும் உட்கார வைக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு.

1. தாழ்சுழற்சி நிலை: பிளப்பு பெரிதாக இருந்தால் மாடி ஏறுவதற்கு ஆகும் செலவு அதிகம். ஆறும் கீழ்த்தளத்தின் மூன்று அறைகளில் இரண்டு இரண்டாக இணைந்துவிடும். தனித்த எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. காந்தப்புலம் இந்தப் பொருளைச் சற்றும் ஈர்க்காது.

2. உயர்சுழற்சி நிலை: பிளப்பு சிறிதாக இருந்தால், ஒரே அறையில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக் கிடப்பதைவிட மாடி ஏறுவதே மேல். கீழே நான்கு, மேலே இரண்டு. ஒரே ஒரு இணை உருவாகும், நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும். காந்தப்புலம் பொருளை ஈர்க்கும்.

பெரும்பாலான இரும்புச் சேர்மங்கள் இந்த இரண்டில் ஒன்றில் நிலையாக இருந்துவிடும். பிளப்பு ஆற்றலும் எலக்ட்ரான்களை இணைக்க ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சில சேர்மங்கள்தான் இரண்டு நிலைக்கும் நடுவே ஊசலாடும். வெப்பநிலை, அழுத்தம், ஒளி என்று ஏதாவது ஒரு சிறு தூண்டுதல் போதும், மறுபக்கம் சாய்ந்துவிடும். இத்தாலிய வேதியியலாளர் லிவியோ காம்பியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1931இல் இரும்பு(3+) டைதயோகார்பமேட் சேர்மங்களின் காந்தப் பண்பு வெப்பநிலையோடு விநோதமாக மாறுவதைக் கண்டார்கள். இந்தத் துறையின் தொடக்கம் அதுதான்.

இங்கேயே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்துவிடலாம். உயர்சுழற்சி நிலைக்குப் போன படிகம் "காந்தமாகிவிட்டது" என்று எழுதுவது தவறு. அது பாராகாந்தப் பொருள் மட்டுமே. வெளிக்காந்தப்புலம் இருக்கும்வரை மெல்ல ஈர்க்கப்படும், எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எலக்ட்ரான் மாடி ஏறினால் அயனி பருக்கும்

சுழற்சி மாற்றம் வெறும் காந்த விஷயமாக மட்டும் இருந்திருந்தால் படிகத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஆனால் மாடியில் இருக்கும் இரண்டு அறைகளும் நைட்ரஜனை நேருக்கு நேர் பார்த்து நிற்பவை என்று சொன்னோம் அல்லவா? அங்கே எலக்ட்ரான் போய் உட்கார்ந்தால், ஈனியின் எலக்ட்ரான்களை அது பின்னால் தள்ளும். பிணைப்பு நீளும்.

தாழ்சுழற்சி நிலையில் இரும்பு, நைட்ரஜன் இடையிலான தூரம் சுமார் 2.0 ஆங்ஸ்ட்ராம். உயர்சுழற்சியில் சுமார் 2.2. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. எனவே 0.2 என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் விகிதத்தில் அது பத்து சதவீதம். ஆறு பிணைப்பும் ஒரே நேரத்தில் அப்படி நீண்டால், இரும்பைச் சுற்றி ஆறு நைட்ரஜன்களும் சேர்ந்து அமைக்கும் எண்முகியின் கன அளவு ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. ஒரு திண்மப் பொருளுக்குள் ஒரு அயனி தன் இடத்தை இவ்வளவு விரித்துக்கொள்வது மிகப் பெரிய செய்தி. எலக்ட்ரான் கணக்கில் தொடங்கியது கட்டடக் கணக்காக மாறும் இடம் இதுதான்.

இதே இயக்கம் நம் உடம்பிலும் ஓயாமல் நடக்கிறது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு உயர்சுழற்சியில் இருக்கும். பருத்திருப்பதால் ஹீம் வளையத்தின் தளத்துக்குள் சரியாக அமராமல் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் வெளியே நிற்கும். ஆக்சிஜன் ஒட்டியதும் தனித்த எலக்ட்ரான்கள் மறைந்து, இரும்பு தளத்துக்குள் இறங்கும். அந்தச் சிறு இறக்கம் புரதத்தின் ஒரு சங்கிலியை இழுத்து, பக்கத்து அலகுகளும் ஆக்சிஜனை எளிதாகப் பிடிக்க வழி செய்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் காந்தப் பண்பில் வேறுபடுவதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936இல் அளந்து காட்டினார்கள். அந்த இழுவையின் கட்டமைப்பு விளக்கத்தை மேக்ஸ் பெரூட்ஸ் 1970இல் முன்வைத்தார். ஒரு அயனி சுருங்கினால் அதன் அக்கம்பக்கம் அசையும் என்ற கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படிகத்திலும் அதேதான் நடக்கிறது.

சூடாக்கினால் ஏன் உயர்சுழற்சி?

குளிரில் தாழ்சுழற்சி, சூட்டில் உயர்சுழற்சி என்பது பொது விதி. காரணம் என்ட்ரோபி, அதாவது ஒரு பொருள் எத்தனை விதமாக இருக்க முடியும் என்பதன் அளவு. தாழ்சுழற்சி நிலை ஆற்றலில் சிக்கனமானது. உயர்சுழற்சி நிலை ஆற்றலில் செலவு கூடியது, ஆனால் அதற்கு வழிகள் அதிகம். நான்கு தனித்த எலக்ட்ரான்கள் சேர்ந்த சுழற்சிக்கு ஐந்து திசையமைப்புகள் உண்டு, தாழ்சுழற்சிக்கு ஒன்றே ஒன்றுதான். வெப்பநிலை ஏற ஏற, வழிகள் அதிகமுள்ள பக்கம் வெல்கிறது.

இதை ஒரு உண்மைச் சேர்மத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஃபினாந்த்ரோலின், இரண்டு தயோசயனேட் ஈனிகள் கொண்ட இரும்புச் சேர்மம் 1960களிலிருந்து இத்துறையின் பாடப்புத்தக உதாரணமாக இருந்து வருகிறது. அதன் வெப்பப் பண்புகளை ஜப்பானில் சோராய், செக்கி இருவரும் 1970களின் தொடக்கத்தில் துல்லியமாக அளந்தார்கள்.

1. தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்குப் போக ஒரு மோலுக்குத் தேவைப்படும் வெப்பம் 8.6 கிலோ ஜூல்.
2. அப்போது கூடும் என்ட்ரோபி, ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 48.8 ஜூல்.
3. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 176 கெல்வின், அதாவது மைனஸ் 97 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையில்தான் சேர்மம் மாறுகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய எண் 48.8. சுழற்சியின் ஐந்து திசையமைப்புகள் தரக்கூடிய என்ட்ரோபி 13.4 ஜூல் மட்டுமே. மீதி 35 ஜூலுக்கும் மேல் எங்கிருந்து வந்தது? அதிர்வுகளிலிருந்து. பிணைப்பு நீண்டதும் தளர்கிறது. தளர்ந்த பிணைப்பு மெதுவாக, தாராளமாக அதிரும். படிகத்தின் மொத்த அதிர்வும் அதோடு சேர்ந்து மாறுகிறது. ஆக, "சுழற்சி" மாற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அதை ஓட்டிச் செல்லும் விசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிர்வுகளின் கைவேலை. இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டு நெருக்கடி

இதே சேர்மம் கரைசலில் இருந்தால் மாற்றம் மெல்ல மெல்ல நடக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே முடிவெடுக்கும். வெப்பநிலை ஏற ஏற உயர்சுழற்சி மூலக்கூறுகளின் பங்கு சீராகக் கூடும். படிகத்தில் அப்படி முடியாது. பானைகளை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கும்போது நடுவில் ஒரு பானை திடீரென்று பருத்தால் சுற்றியுள்ள அத்தனை பானையும் நகர வேண்டும். ஒரு மூலக்கூறு உயர்சுழற்சிக்குப் போனால் அதன் பக்கத்து மூலக்கூறுகளின் மேல் மீள்விசை அழுத்தம் விழுகிறது. போதுமான எண்ணிக்கை பருத்துவிட்டால், அணிக்கோவை, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பு முழுவதும் சற்று விரிந்து, மிச்சமிருப்பவை பருப்பதற்கு வசதி செய்துகொடுக்கிறது. இதற்குக் கூட்டுறவு விளைவு என்று பெயர்.

ஸ்லிக்டர், டிரிக்கமர் இருவரும் 1972இல் இதற்கு ஒரு எளிய சமன்பாடு தந்தார்கள். அதில் கூட்டுறவின் வலிமைக்கு ஒரே ஒரு எண். அந்த எண், வாயு மாறிலியை மாறும் வெப்பநிலையால் பெருக்கி வரும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டால் மாற்றம் படிப்படியாக நடக்காது, தாவலாக நடக்கும். 176 கெல்வினில் அந்த எல்லை ஒரு மோலுக்குச் சுமார் 2.9 கிலோ ஜூல். அதையும் தாண்டினால் தயக்கம் வரும்.

தயக்கம் என்பது இயற்பியல் பாடநூல்களின் கலைச்சொல். இங்கே அது பேச்சு வழக்கின் பொருளிலும் அப்படியே பொருந்துகிறது. சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையில் மாறும் படிகம், குளிர்விக்கும்போது அதே வெப்பநிலையில் திரும்புவதில்லை, இன்னும் கீழே போன பிறகுதான் திரும்புகிறது. இதற்குப் பேர்போனது இரும்பு டிரையசோல் சேர்மம். இரும்பு அயனிகளை டிரையசோல் வளையங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும் இது, அறை வெப்பநிலையில் இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட நிறத்தில் சாதாரணப் பொடியாக இருக்கும். சூடாக்கிக்கொண்டே போனால் சுமார் 385 கெல்வினில், அதாவது தண்ணீர் கொதிநிலைக்குச் சற்று மேலே, நிறம் முழுக்க வடிந்து வெள்ளையாகிவிடும். அடுப்பை அணைத்து ஆறவிட்டாலும் உடனே நிறம் திரும்பாது. 100 டிகிரி, 90 டிகிரி, 80 டிகிரி என்று இறங்கினாலும் வெள்ளையாகவே இருக்கும். 70 டிகிரியை நெருங்கும்போதுதான் ஊதா மறுபடி எட்டிப்பார்க்கும். இடைப்பட்ட 40 டிகிரியில் பொடி எந்த நிறத்தில் இருக்கும் என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வந்த வழியை நினைவில் வைத்திருக்கும் பொருள் என்பதால்தான் பிரெஞ்சு வேதியியலாளர் ஒலிவியே கானின் குழு 1990களில் இதை நினைவகங்களுக்கும் காட்சித் திரைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று முன்வைத்தது.

கட்டமைப்பு நிலைமாற்றம் என்பது வேறு

சரி, கன அளவு கூடியது, அணிக்கோவை விரிந்தது. அதுவே கட்டமைப்பு நிலைமாற்றம் அல்லவா? இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான செய்திகள் வழுக்குகின்றன.

படிகத்தை ஒரு சிறு பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் கட்டிய சுவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெட்டியே அலகுக்கூடு. பெட்டி சற்றுப் பெரிதானால் சுவர் பெரிதாகும், ஆனால் அடுக்கும் முறை அதேதான். அடுக்கும் முறையே மாறினால், அதாவது சீர்மை (திருப்பினாலும் புரட்டினாலும் அதேபோல் தெரியும் ஒழுங்கு) மாறினாலோ, முன்பு ஒரு பெட்டியாக இருந்தது இரண்டு வேறு வேறு பெட்டிகள் சேர்ந்த தொகுப்பானாலோ, அதைத்தான் சீர்மை முறிக்கும் கட்டமைப்பு நிலைமாற்றம் என்கிறோம். முதல் வகையில் கூட்டின் அளவு தாவலாக மாறலாம், தயக்கமும் வரலாம், ஆனால் சீர்மை அப்படியே இருக்கும்.

மூன்று உண்மைப் படிகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

1. சீர்மை மாறாமல் தாவுவது. மேலே சொன்ன ஃபினாந்த்ரோலின் சேர்மம் 176 கெல்வினில் ஒரே தாவலில் மாறுகிறது. இவ்வளவு கூர்மையான மாற்றத்தைப் பார்த்தவர்கள் அடுக்குமுறையும் மாறியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அறை வெப்பநிலையிலும் 130 கெல்வினிலும் எடுத்த எக்ஸ்-கதிர் அளவீடுகள் இரண்டிலும் ஒரே சீர்மையைக் காட்டின. பிணைப்புகள் குறுகின, கூடு சுருங்கியது, அடுக்குமுறை அப்படியே நின்றது. கூர்மையான தாவல் என்பது சீர்மை மாற்றத்துக்குச் சான்று ஆகாது.

2. சேர்ந்து வருவது, ஆனால் பிரிக்கக்கூடியது. இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆறு புரோப்பைல் டெட்ரசோல் ஈனிகள் சூழ்ந்த இரும்பு, துணைக்கு டெட்ராஃபுளோரோபோரேட் அயனிகள். அறை வெப்பநிலையில் நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற படிகம். அதை மெதுவாகக் குளிர்வித்தால் சுமார் 128 கெல்வினில் ஆழ்ந்த செவ்வூதா நிறமாகிறது. திரும்பச் சூடாக்கினால் 135 கெல்வினில்தான் நிறம் போகிறது. ஏழு டிகிரி தயக்கம். எக்ஸ்-கதிரில் பார்த்தால், முன்பு 120 பாகை திருப்பினாலும் அதேபோல் தெரிந்த அணிக்கோவை, குளிர்ந்த பிறகு அந்த மும்மடிச் சீர்மையை இழந்திருக்கிறது. சுழற்சியும் மாறிவிட்டது, கட்டமைப்பும் மாறிவிட்டது. இப்போது அதே படிகத்தை வேகமாகக் குளிர்வித்துப் பாருங்கள். நிறம் அதேபோல மாறும், இரும்பு அதேபோலத் தாழ்சுழற்சிக்குப் போகும். ஆனால் அடுக்குமுறை மாற அவகாசம் கிடைக்காததால் மும்மடிச் சீர்மை உறைந்து நின்றுவிடும். தயக்கமும் காணாமல் போகும். அப்படியானால் அந்த ஏழு டிகிரி தயக்கம் இரும்பின் சொத்து அல்ல, கட்டமைப்பு நிலைமாற்றத்தின் சொத்து. சுழற்சி மாற்றம் தன் வழியில் போகிறது, கட்டமைப்பு மாற்றம் நேரம் கிடைத்தால் மட்டும் கூட வருகிறது.

3. சீர்மை முறிந்து மறுபடி திரும்புவது. மூன்று பிக்கோலைல் அமீன் ஈனிகள் கொண்ட இரும்புக் குளோரைடு, எத்தனாலைத் தன் படிகத்துக்குள் வைத்துக்கொண்டு வளரும். இதன் மாற்றம் ஒரே தாவலில் முடிவதில்லை. சுமார் 121 கெல்வினில் ஒரு படி, 114 கெல்வினில் இன்னொரு படி. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது 1980களிலிருந்து புதிராக இருந்தது. 2003இல் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு ஆய்வு விடை தந்தது. நடுவில் அலகுக்கூடு இரட்டிப்பாகிறது. உயர்சுழற்சி மூலக்கூறுகளும் தாழ்சுழற்சி மூலக்கூறுகளும் ஒழுங்காக மாறி மாறி இடம்பிடிக்கின்றன. இன்னும் குளிர்வித்தால் எல்லாமே தாழ்சுழற்சியாகி, சீர்மை பழையபடி திரும்பிவிடுகிறது. எத்தனாலுக்குப் பதில் மெத்தனாலை உள்ளே வைத்து வளர்த்தால் இந்த நடுப்படியே கிடையாது. இரும்போடு பிணைப்பே இல்லாமல் இடைவெளியில் சும்மா தங்கியிருக்கும் ஒரு கரைப்பான் மூலக்கூறு, மொத்தக் கதையையும் மாற்றுகிறது.

ஒளியால் சிறைபிடிப்பது

மேலே இரண்டாவதாகச் சொன்ன டெட்ரசோல் படிகத்துக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1984இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஃபிலிப் கூட்லிஷின் குழு, செவ்வூதாவாக இருந்த அந்தப் படிகத்தை 20 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்துப் பச்சை ஒளியைப் பாய்ச்சியது. படிகம் நிறமிழந்தது. ஒளியை அணைத்த பிறகும் நிறம் திரும்பவில்லை.

நடந்தது இதுதான். தாழ்சுழற்சி இரும்பு பச்சை ஒளியை உறிஞ்சும், அதனால்தான் செவ்வூதாவாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஆற்றலில் எலக்ட்ரான் மேலே போய், இறங்கி வரும்போது உயர்சுழற்சி நிலையில் விழுந்துவிடுகிறது. அங்கிருந்து திரும்பி வர வேண்டுமென்றால் ஆறு பிணைப்புகளும் 0.2 ஆங்ஸ்ட்ராம் குறுக வேண்டும். நடுவில் ஒரு ஆற்றல் மேடு. அவ்வளவு குளிரில் அந்த மேட்டை ஏற வெப்பம் போதாது. மூலக்கூறு சிறைப்பட்டுவிடுகிறது. சுமார் 50 கெல்வினுக்கு மேல் சூடாக்கினால்தான் சிறை திறக்கிறது. உயர்சுழற்சி நிலைக்கு உறிஞ்சல் பட்டை சுமார் 820 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது. அதனால்தான் படிகம் நிறமில்லாமல் தெரிகிறது. அந்த அலைநீளத்தைப் பாய்ச்சினால் மூலக்கூறு மறுபடி தாழ்சுழற்சிக்கு வரும் என்று ஆந்திரியாஸ் ஹவுசர் 1986இல் காட்டினார்.

நம் கேள்விக்கு இதில் ஒரு நேரடிப் பதில் இருக்கிறது. மெதுவாகக் குளிர்வித்துச் சீர்மை முறிந்த படிகத்தில் ஒளி பாய்ச்சினால், இரும்பு உயர்சுழற்சிக்குப் போகிறது, ஆனால் அவ்வளவு குளிரில் அணிக்கோவை பழைய சீர்மைக்குத் திரும்புவதில்லை. வேகமாகக் குளிர்வித்த படிகத்திலோ மும்மடிச் சீர்மையோடேயே உயர்சுழற்சி கிடைக்கும். இரண்டு சுழற்சி, இரண்டு கட்டமைப்பு, நான்கு சேர்க்கையும் ஒரே சேர்மத்தில் கிடைக்கின்றன. இரண்டும் வெவ்வேறு மாற்றங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்புறம், சிறையிலிருந்து விடுபடும் விதத்திலும் பக்கத்து வீட்டு நெருக்கடி தெரிகிறது. தொடக்கத்தில் மிக மெதுவாகத் திரும்பும். சில மூலக்கூறுகள் சுருங்கியதும் அணிக்கோவை சுருங்கி, மிச்சமிருப்பவற்றை நெருக்கும். வேகம் தானாகவே கூடும்.

எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

காந்த அளவீடு, எத்தனை பங்கு மூலக்கூறுகள் உயர்சுழற்சியில் உள்ளன என்று சொல்லும். கட்டமைப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மாஸ்பவர் நிறமாலை இரும்பின் உட்கருவையே கேட்கும். இரும்பில் சுமார் 2 சதவீதமே இருக்கும் இரும்பு-57 என்ற ஐசோடோப்பு, 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை உறிஞ்சும். கதிர் மூலத்தை நொடிக்கு ஓரிரு மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைத்தாலே போதும், இரண்டு சுழற்சி நிலைகளின் கோடுகளும் தனித்தனியே பிரிந்து தெரியும். எறும்பு நகரும் வேகத்தைவிடக் குறைவான அசைவில் இவ்வளவு நுட்பமான வேறுபாடு பிடிபடுவது வியப்புதான். அடுக்குமுறையைத் தெரிந்துகொள்ள ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் ஆய்வு கட்டாயம் தேவை. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கூட, நல்ல படிகமாக இருந்தால், நிறம் மாறும் எல்லைக்கோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை மெல்ல ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். கோடு கடந்து போன பகுதி ஒரு நிறம், இன்னும் போகாத பகுதி இன்னொரு நிறம். எல்லையில் விழும் இழுவிசை தாங்காமல் சில படிகங்கள் விரிசல் விட்டுவிடும்.

எனவே இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை இவை:

1. மாற்றத்தை எதனால் அளந்தார்கள்? காந்த அளவீடு மட்டும் என்றால் கட்டமைப்பைப் பற்றிய பேச்சு ஊகம்.
2. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சீர்மை ஒன்றா, வேறா?
3. எவ்வளவு வேகத்தில் சூடாக்கினார்கள், குளிர்வித்தார்கள்? வேகத்தை மாற்றினால் தயக்கம் மாறுகிறதா?
4. படிகத்துக்குள் கரைப்பான் இருக்கிறதா? சூட்டில் அது வெளியேறிவிட்டால், இரண்டாவது சுற்றில் நீங்கள் பார்ப்பது வேறொரு பொருள்.

நான்காவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் முறை சூடாக்கும்போது மட்டும் தெரியும் அகலமான தயக்கம் பல நேரங்களில் கரைப்பான் வெளியேறியதன் தடம்தான்.

இதனால் என்ன ஆகும்?

நினைவகக் கனவு பேசிய அளவுக்கு இன்னும் பலிக்கவில்லை. ஒளியால் சிறைபிடிக்கும் விளைவு பெரும்பாலும் 100 கெல்வினுக்குக் கீழேதான் நிலைக்கிறது. துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கும்போது பக்கத்து வீட்டு நெருக்கடி தளர்ந்து, தயக்கம் பொதுவாகக் குறுகிவிடுகிறது. ஆனால் கன அளவு மாற்றத்தை நேரடியாகப் பயன்படுத்தும் வழிகள் முன்னேறியிருக்கின்றன. பிரான்சின் துலூஸ் நகரில் உள்ள குழு, இச்சேர்மங்களை மெல்லிய பட்டையின் ஒரு பக்கத்தில் பூசி, மாற்றம் நடக்கும்போது பட்டை வளைவதைக் காட்டியிருக்கிறது. செயற்கைத் தசை என்று செய்திகளில் வருவது இந்த வகைதான். அதே நகரில் உருவான இன்னொரு மென்படலம் ஒரு கோடி முறைக்கு மேல் மாறியும் சிதையவில்லை. சீர்மை முறிவோ பெரிய சிதைவோ இல்லாத படிகங்கள் உழைப்பைத் தாங்குகின்றன, அடுக்கையே கலைத்துக்கொள்பவை சீக்கிரம் நொறுங்குகின்றன. கட்டமைப்பு கேள்வி வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல என்பது இங்கே தெரிகிறது.

குளிரூட்டலிலும் ஆர்வம் பெருகுகிறது. அழுத்தினால் படிகம் தாழ்சுழற்சிக்குப் போய் வெப்பத்தை வெளிவிடும், அழுத்தத்தை எடுத்தால் உயர்சுழற்சிக்குத் திரும்பும்போது சுற்றுப்புற வெப்பத்தை உறிஞ்சும். நாம் முன்பு பார்த்த 48.8 ஜூல் போன்ற பெரிய என்ட்ரோபி மாற்றம்தான் இங்கே முதலீடு. அந்த முதலீட்டில் பெரும் பங்கு அதிர்வுகளிலிருந்து வருகிறது என்பதால், நல்ல குளிரூட்டும் படிகத்தைத் தேடுபவர்கள் காந்தப் பண்பைவிட அணிக்கோவையின் தளர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

யார் முதலில்?

எது எதை இழுக்கிறது என்ற கேள்விக்குச் சமீப காலத்தில் கடிகாரத்தை வைத்தே பதில் தேடுகிறார்கள். பிரான்சின் ரென் நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு 2016இல் ஒரு இரும்பு(3+) படிகத்தின் மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்பைச் செலுத்தி, அடுத்தடுத்து நடப்பதைப் பின்தொடர்ந்தது. ஒளி பட்ட மூலக்கூறுகள் ஒரு பிக்கோநொடிக்குள், அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், சுழற்சி மாறிவிடுகின்றன. அந்த நேரத்தில் படிகத்தின் கன அளவு மாறவே இல்லை. பருத்த மூலக்கூறுகளின் அழுத்தம் ஒலியின் வேகத்தில்தான் பரவ முடியும், அதனால் அணிக்கோவை விரிய நானோநொடிகள் ஆகின்றன. அதுவரை சுழற்சி முன்னே, கட்டமைப்பு பின்னே. ஆனால் ஒளியின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால், அணிக்கோவை விரிந்த அந்தக் கணத்தில், ஒளியே படாத மூலக்கூறுகளும் உயர்சுழற்சிக்குத் தாவத் தொடங்குகின்றன. விரிந்த கூடு அவற்றை இழுத்துக்கொள்கிறது. வெப்பம் பரவி வருவது அதற்கும் பிறகு, மைக்ரோநொடிகளில்.